மஞ்சள் கோட்டுக்கு வெளியே

செய்தி வந்தபோது மணி பதினொன்று இருபது. ஒன்பதாம் வகுப்பில் உப்புக் கரைசலைக் காய்ச்சிப் படிகம் எடுப்பதைச் செய்து காட்டிக்கொண்டிருந்தேன். கைப்பேசி மேசை இழுப்பறைக்குள் கிடந்தது. அது மரத்தில் அதிர்ந்த சத்தம் முன்வரிசைப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் கேட்டது. அழைத்தது அக்கா. பள்ளிக்கூட நேரத்தில் அவள் என்னை அழைக்கவே மாட்டாள்.

“பத்து ஐம்பதுடா,” என்றாள்.

நேரத்தைத்தான் முதலில் சொன்னாள். முப்பத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்தவள். பால் பாக்கெட் வாங்கியதை எழுதினாலும் ஓரத்தில் நேரத்தைப் போட்டுவிட்டுத்தான் எழுதுவாள்.

“உன் மச்சான் போயிட்டார். நாற்காலியில வந்து உக்காந்தார், தண்ணி கேட்டார். நான் டம்ளரோட வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.” பிறகு, “ஒரு சொட்டு ரத்தம் இல்லடா,” என்றாள்.

வேறு யாராவது கேட்டிருந்தால் இது என்ன பேச்சு என்று நினைத்திருப்பார்கள். எனக்குப் புரிந்தது. ஒன்பது வருடமாக அந்த வீட்டில் கணவனுக்கும் மனைவிக்கும் நடுவில் ஒரு பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் அவர் ஜெயித்துவிட்டார் என்பதைத்தான் தோற்றவள் எனக்குச் சொன்னாள்.

மச்சான் என் அக்காவின் கணவர். மரச்சாமான் கடை ஒன்றின் லாரியை இருபத்தாறு வருடம் ஓட்டியவர். கட்டில், பீரோ, ஆளுயரக் கண்ணாடி பதித்த அலமாரி எல்லாவற்றையும் கடையிலிருந்து வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேலை. அத்தனை வருடத்தில் ஒரு கண்ணாடிகூட உடைந்ததில்லை என்பார். அக்கா உடனே, “ஒண்ணு உடைஞ்சுது,” என்பாள். “அது நிறுத்தின வண்டியில உடைஞ்சது, கணக்குல வராது,” என்பார்.

சாமானைக் கட்டுவது பற்றி அவருக்கு ஒரு பாடம் உண்டு. என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

“சரக்கு மூணு விதமா ஓடும் மாப்ளே. பிரேக் அடிச்சா முன்னால ஓடும். வளைவுல திரும்பினா பக்கவாட்டுல ஓடும். பள்ளத்துல இறங்கினா மேல எம்பும். மூணுக்கும் பதில் வெச்சுட்டுத்தான் சாவியைத் திருப்பணும்.”

வீட்டோடு சேர்ந்த கார் ஷெட்டில் ஒரு பட்டறை மேசை போட்டு, விடுமுறை நாட்களில் மரவேலை செய்துகொண்டிருந்தார். கடையில் ஒடிந்து திரும்பி வரும் சாமான்களின் மரம்தான் முதலீடு. ஷெட் ஒன்பதடி அகலம், பதினாறடி நீளம். அதில் பாதியைக் கார் அடைத்துக்கொள்ளும். நான் போய் அவருக்கு இடப்பக்கமாக நின்று பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வேன். அவர் அறுப்பார், நான் பிடிப்பேன். என்னால் மரவேலைக்கு ஆன உபகாரம் அவ்வளவுதான். பேச்சுதான் முக்கியம். பள்ளிக்கூடத்தில் ஒருவன் அமிலத்தை எதில் கொட்டினான், லாரி வேலையில் எந்த வீட்டு மாடிப்படியில் எந்தக் கட்டில் திரும்பவில்லை, இப்படி.

ஐம்பத்தெட்டாவது வயதில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு ஒரு மாதத்தில் திரும்பியது. இடது கால் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தது. இடது கை வரவில்லை. விரல் மடங்காது, சூடு தெரியாது, குத்தினாலும் தெரியாது. பார்வையிலும் இடப்பக்கம் ஒரு துண்டு போய்விட்டது. தட்டில் இடப்பக்கம் இருப்பதைச் சாப்பிடாமல் எழுந்துவிடுவார், அக்கா தட்டைத் திருப்பி வைத்தால், “அட, இது எப்ப வெச்சே?” என்பார்.

அந்தக் கைக்குக் ‘கிளீனர்’ என்று பெயர் வைத்தார். லாரியில் கூட வரும் உதவியாளைத்தான் அப்படிச் சொல்வார்கள். “கிளீனர் தூங்குறான். எழுப்பாதே, பாவம்,” என்று கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். லாரி போயிற்று. காரையும் விற்றார்கள். ஷெட் முழுவதும் காலியானது. நடக்க ஆரம்பித்த ஆறாவது மாதம் அவர் ஷட்டரைத் தூக்கச் சொல்லி அக்காவிடம் கேட்டார்.

அக்கா முடியாது என்றாள். காரணம் சின்னதல்ல. ரத்தம் உறையாமல் இருக்க அவருக்கு மாத்திரை கொடுத்திருந்தார்கள். சவரம் செய்யும்போது கீறினாலே அரை மணி நேரம் பஞ்சை வைத்து அழுத்த வேண்டியிருந்தது. உளி பட்டால்? அதுவும் வலியே தெரியாத கையில் பட்டால்?

இரண்டு வாரம் அவர் எதுவும் கேட்கவில்லை. டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, ஓடாத டிவியையும் ஓடுகிற டிவியையும் ஒரே முகத்தோடு பார்த்தார். மூன்றாவது வாரம் அக்காவே சாவியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். நான் அப்போது அங்கே இருந்தேன்.

“முப்பத்திரண்டு வருஷம் ரத்தம் பாத்தாச்சு. வீட்டுல பாக்க மாட்டேன். அங்க ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு பாத்தேன்னு வைங்க, அன்னிக்கே பூட்டு. அப்புறம் கெஞ்சக் கூடாது, இவனைத் தூது அனுப்பக் கூடாது.”

“சரி.”

“கிளீனரை மேசைமேல ஏத்தக் கூடாது. பாக்கெட்ல இருக்கணும்.”

“இருப்பான்.”

“இவனும் பிடிக்கக் கூடாது. நீங்க இடப்பக்கம் பாக்கறதில்ல, இவன் எந்தப் பக்கமும் பாக்கறதில்ல.”

மச்சான் சாவியை எடுத்துக்கொண்டார். அக்கா ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடி என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

பிடிக்க அவருக்கும் கையில்லை, அடுத்தவர் கையும் கூடாது. ஆனால் மரம் அசையக் கூடாது. அவர் உட்கார்ந்து யோசித்தார். லாரிக்காரராகத்தான் யோசித்தார். சீவுவதற்கு இழைப்புளியைத் தள்ளினால் பலகை முன்னால் ஓடும்: மேசையின் கோடியில் ஒரு சட்டத்தை ஆணியடித்து நிறுத்தினார், பலகை அதில் முட்டி நிற்கும். பக்கவாட்டில் ஓடும்: இரண்டு பக்கமும் கட்டை அறைந்து, பலகைக்கும் கட்டைக்கும் நடுவில் எதிரெதிராக இரண்டு ஆப்புகளைத் தட்டி இறுக்கினார். ஒற்றைக் கையால் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலை எடுத்து இரண்டு தட்டு, அவ்வளவுதான். மேலே எம்பும்: அதற்குத்தான் நாள் பிடித்தது.

கடையில் விற்கும் இரும்புக் கிளாம்ப் அவருக்கு உதவவில்லை. அதை ஒரு கையால் ஏந்திக்கொண்டு மறு கையால் திருக வேண்டும். “கிளாம்பைப் பிடிக்க இன்னொரு கிளாம்ப் வேணும் மாப்ளே. அதைப் பிடிக்க இன்னொண்ணு. எங்க போய் முடியறது?” கடைசியில் கிளாம்புகளை எல்லாம் கயிற்றில் கட்டிக் கூரையிலிருந்து மேசைக்கு நேர்மேலே தொங்கவிட்டார். கயிற்றை இழுத்தால் வேண்டிய உயரத்துக்கு வந்து அந்தரத்தில் நிற்கும். ஒரு கையால் திருகினால் போதும். அக்கா எட்டிப் பார்த்தாள்.

“குளுக்கோஸ் பாட்டில் மாதிரி தொங்குது. யாரை அட்மிட் பண்ணியிருக்கீங்க?”

“தேக்கு. வயசானவர். நேத்து மத்தியானம் அட்மிட் ஆனார்.”

மேசையின் நடுவில் ஒரு துளை போட்டு, கயிற்றை மரத்தின் மேலாகச் சுற்றித் துளை வழியாகக் கீழே இறக்கி, ஒரு மிதிகட்டையில் முடிந்தார். முக்காலியில் உட்கார்ந்து வலது காலால் அதை மிதித்தால் கயிறு விறைத்து மரம் அமுங்கும். அதற்குப் பெயர் பிரேக். “இருபத்தாறு வருஷம் மிதிச்ச கால். இது தூங்காது.”

கூரைத் தளத்துக்கும் பலகைக்கும் நடுவில் வளைத்துக் கொடுக்கும் கம்புகள் அவர் கண்டுபிடித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தவை. பசை போட்டு ஒட்டிய பலகையை இரவு முழுவதும் அமுக்கி வைக்க வேண்டும். சற்று நீளமான, வளையக்கூடிய ஒரு கம்பின் ஒரு முனையைக் கூரையில் முட்டக்கொடுத்து, வில் மாதிரி வளைத்து, மறுமுனையைப் பலகையின்மேல் நிறுத்தினால் போதும். நிமிரப் பார்க்கிற கம்பு விடாமல் அமுக்கிக்கொண்டே இருக்கும். ஒரே கைக்குச் செய்த மாதிரி வேலை. முதலில் இதை அவர் சோதித்தது அக்காவின் ஒட்டடைக் குச்சியை வைத்து. அவள் வீடு முழுக்கத் தேடிவிட்டுக் கடைசியில் ஷெட்டில் கண்டுபிடித்தாள்.

“வீடு பூரா ஒட்டடை. குச்சி மட்டும் உத்தியோகத்துக்குப் போயிடுச்சு!”

கனமான சாமானுக்குக் கார் ஜாக்கி. அதைச் சுவருக்கும் மரத்துக்கும் நடுவில் படுக்க வைத்துத் திருகுவார். காரை வாங்கிக்கொண்டு போனவர் நான்கு மாதம் கழித்துச் சக்கரம் பஞ்சராகி, பின்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, நேரே வீட்டுக்கு வந்தார்.

“சார், வண்டியோட ஜாக்கி இருக்கணுமே?”

“இருக்கு. உள்ள வேலையில இருக்கு. நாளைக்குக் காலைலதான் விடுவிப்போம், பசை காயலை.”

அந்த மனிதர் உள்ளே வந்து, ஓர் அலமாரிச் சட்டத்தைச் சுவரோடு அழுத்திக்கொண்டிருந்த ஜாக்கியைப் பார்த்தார். பிறகு அவர் வேறு ஜாக்கி வாங்கிக்கொண்டார். இப்போதும் வழியில் பார்த்தால் “ஜாக்கி சௌக்கியமா?” என்று கேட்கிறவர் அவர்தான்.

இப்படி நாலைந்து மாதம் ரத்தமில்லாமல் போயிற்று. நான் போய் வந்துகொண்டிருந்தேன். பிடிக்கக் கூடாது என்பதால் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பேன். ஆனால் பழக்கதோஷம், அவருக்கு இடப்பக்கமாகத்தான் நிற்பேன். அவரால் பார்க்க முடியாத பக்கம் அது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

அப்போது அவர் அக்காவுக்கு ஒரு கால்மனை செய்துகொண்டிருந்தார். முப்பத்திரண்டு வருடம் நின்றே வேலை பார்த்தவள். மாலையானால் பாதம் வீங்கிவிடும், தூக்கி வைத்துக்கொள்ள ஒன்று வேண்டும். மனைக்கு உருண்டையான கால்கள் நாலு. அதில் குறுக்காகத் துளை போட வேண்டும். உருண்டைச் சாமான் ஓடாது, உருளும் என்பதால் நடுவில் பள்ளம் வெட்டிய இரண்டு கட்டைகளில் அதைப் படுக்க வைத்து, மேலே பிரேக் கயிற்றைச் சுற்றி, கடைசியில் ஓர் ஆப்பையும் அறைந்திருந்தார். மூன்று கால்களுக்குத் துளை போட்டாயிற்று. நான்காவதையும் கட்டிவிட்டு, டிரில்லைக் கையில் எடுத்தார்.

ஆப்புக்கு அடியில் மரத்தூள் சேர்ந்து, அது தூக்கிக்கொண்டிருப்பதுபோல் எனக்குத் தெரிந்தது. உருவி, ஊதிவிட்டு, மறுபடி சொருகிவிடலாம் என்று நினைத்தேன். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆப்பை உருவிவிட்டு, கால் உருளாமல் இருக்க இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்தில் அவர் டிரில்லை அழுத்தினார். என் கை அங்கே இருப்பது அவர் உலகத்திலேயே இல்லை.

மரம் ஒரு சுற்றுச் சுற்றித் துள்ளி விழுந்தது. என் கட்டைவிரல் மரத்துக்கும் கட்டைக்கும் நடுவில் மாட்டி, நகம் பாதி பெயர்ந்தது. நான் கத்தவில்லை. கத்தினால் ஷெட்டுக்குப் பூட்டு என்று மட்டும் தோன்றியது. விரலைக் கைக்குட்டையில் சுற்றிப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

அவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு, தரையில் கிடந்த மரத்தைப் பார்த்தார்.

“ஆப்பு விட்டுடுச்சா?”

“தெரியல மச்சான்.”

இதுதான் நான் அவரிடம் சொன்ன பொய். ஆப்பு என் கால்சட்டைப் பையில் இருந்தது. எப்போது அதை உள்ளே போட்டேன் என்று எனக்கே நினைவில்லை. பரீட்சைத்தாள் திருத்த வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நான் வெளியே வரும்போது அவர் குனிந்து மேசைக்கடியில் ஆப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பெருக்கப் போன அக்கா, மேசைக்குப் பக்கத்தில் மூன்று சொட்டு ரத்தத்தைப் பார்த்தாள்.

பிறகு நடந்ததை அவள்தான் எனக்குச் சொன்னாள். அவரை நாற்காலியில் உட்கார வைத்து, உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை பார்த்திருக்கிறாள். காயம் இல்லை. ஆனால் அவருக்கே தன்மேல் நம்பிக்கை போய்விட்டது. இடது கையைத் தூக்கித் தூக்கி, ஒவ்வொரு விரலாகத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இருந்தாராம். ஆப்பு விட்டிருக்கிறது, பிடிமானம் தவறியிருக்கிறது, அப்படியென்றால் வெட்டியும் இருக்கும், தனக்குத்தான் தெரியவில்லை என்று. அவள் கேட்பதற்கு முன்னால் அவரே சாவியை எடுத்து மேசையில் வைத்துவிட்டார். பேச்சு பேச்சாக இருக்க வேண்டும் என்றார். அன்று முழுவதும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் அக்கா எனக்குப் போன் செய்தாள். “நாளைக்குக் காலைல வா,” என்றாள்.

போனேன். கட்டைவிரலில் கட்டு. அதை மறைக்க ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போனேன். அக்கா என்னைச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்தாள். எதிரில் மச்சான். நடுவில் சாவி.

“பையைக் கீழ வைடா.”

வைத்தேன்.

“கையை மேல வை.”

வைத்தேன். அவள் கட்டைப் பிரித்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு, “யாருடா இப்படிக் கட்டினது, பொட்டலமா இது?” என்று மறுபடி கழுவி, மருந்து போட்டு, ஒழுங்காகக் கட்ட ஆரம்பித்தாள். கட்டிக்கொண்டே அவரைப் பார்க்காமல் பேசினாள்.

“மூணு சொட்டு. மூணோட நின்னிருக்கு. இவர் ரத்தமா இருந்தா மூணோட நிக்குமா? வாசல்வரைக்கும் வந்திருக்கும். நேத்தே தெரியும் எனக்கு. நீயா வந்து சொல்வேன்னு சாயங்காலம்வரைக்கும் பாத்தேன்.”

நான் கால்சட்டைப் பையிலிருந்து ஆப்பை எடுத்து சாவிக்குப் பக்கத்தில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை மச்சான் ஆப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“அப்போ ஆப்பு அசையலையா?”

“இல்ல மச்சான்.”

“நீயா உருவினியா?”

“ஆமா.”

“இறுக்கமா இருந்துதா? உருவும்போது?”

“ரொம்ப. ஆட்டி ஆட்டித்தான் எடுத்தேன்.”

அவர் அக்காவின் பக்கம் முழுசாகத் திரும்பினார். பக்கவாதத்துக்கு அப்புறம் கோணிப்போன அந்த வாயால் காது வரை சிரித்தார். “கேட்டியா? ஆட்டி ஆட்டி எடுத்திருக்கான்! என் கட்டு விடலை. இவன் அவுத்திருக்கான்!” பிறகு என்னைப் பார்த்து, “மடையா, லாரியில கட்டினவன்தான் அவுப்பான். அடுத்தவன் முடிச்சுல கையை வெச்சா சீட்டைக் கிழிச்சிடுவாங்க,” என்றார். அதைத் திட்டு என்று சொல்ல முடியாது. அவ்வளவு சந்தோஷத்தோடு என்னை யாரும் மடையன் என்று சொன்னதில்லை.

தீர்ப்பை அக்கா சொன்னாள். சொட்டு சொட்டுதான், ஆனால் அவருடையது இல்லை. அதனால் பூட்டு ஷெட்டுக்கு இல்லை, எனக்கு. ஷட்டருக்கு ஒரு முழம் உள்ளே, சுவரிலிருந்து சுவர்வரை ஒரு கோடு. அதைத் தாண்டி என் கால் படக் கூடாது.

“எத்தனை நாளைக்கு?” என்றேன்.

“உனக்குப் புத்தி வர்ற வரைக்கும்.”

“ஆயுள் தண்டனை மாப்ளே,” என்றார் மச்சான்.

அன்று சாயங்காலமே அவர் மஞ்சள் பெயின்டில் கோடு போட்டார். நான் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைக் கோட்டுக்கு வெளியே போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்பது வருடம் அங்கேதான் உட்கார்ந்தேன்.

எங்களுக்கு அது நல்ல காலம். அங்கிருந்து பார்த்தால் மேசையின் இடக்கோடி எனக்கு நேராகத் தெரியும். அவருக்குத் தெரியாத கோடி அது. ஒருநாள் சும்மா, “இடப்பக்கம் பலகை தூக்கியிருக்கு மச்சான்,” என்றேன்.

“எவ்வளவு?”

“ஒரு தபால் கார்டு கனம்.”

அவர் ஆப்பை ஒரு தட்டுத் தட்டினார். “இப்போ?”

“இன்னும்.”

“இப்போ?”

“போதும்.”

அதற்கப்புறம் அது எங்கள் வேலை முறையாகிவிட்டது. லாரி பின்னால் வரும்போது கிளீனர் கீழே நின்று குரல் கொடுப்பானே, அதே மாதிரி. நான் முக்காலியிலிருந்து “வரட்டும்… வரட்டும்… வரட்டும்… நிறுத்து!” என்று கத்துவேன். அவர் இழைப்புளியை நிறுத்துவார். தெருவில் போகிறவர்கள் லாரி வருகிறதோ என்று ஒதுங்கி நிற்பார்கள். “பழைய கிளீனர் தூங்குறான். புது கிளீனருக்கு வாய் மட்டும்தான் வேலை செய்யுது,” என்று எல்லோரிடமும் சொல்வார். ஒரு வகுப்பறை நிறையப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பேசுகிறவன் நான். அந்த முக்காலியில் உட்கார்ந்து கத்தியபோதுதான் என் பேச்சு இம்மி பிசகாமல் ஒருவருக்குப் பயன்பட்டதாக எனக்குத் தோன்றும்.

கால்மனை முடிந்தது. அடுத்த வீட்டுக்காரருக்குச் செருப்பு வைக்கும் தட்டு, ஆஸ்பத்திரியில் அக்காவுக்குத் தெரிந்தவர்களுக்கு மருந்துப் பெட்டிகள், என் வகுப்புக்குச் சோதனைக்குழாய் வைக்கும் தாங்கி பன்னிரண்டு. தாங்கிகளில் எந்தத் துளையும் கோணவில்லை. பிள்ளைகள் யார் செய்தது என்று கேட்டால், ஒற்றைக் கைக்காரர் என்பேன்; நம்ப மாட்டார்கள். அக்கா தினமும் காலையில் பெருக்கும்போது தரையைக் குனிந்து பார்ப்பாள். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் டீ கொண்டுவந்து வைப்பாள். அந்த ஒன்றும் சொல்லாததைத் தினமும் கேட்டுக்கொண்டுதான் அவர் வேலையைத் தொடங்குவார்.

போன மாதம் அவள்தான் ஆரம்பித்தாள். “கோடு மங்கிப்போச்சு. கோடு அழிஞ்சா சட்டமும் அழிஞ்சதுன்னு உங்க தம்பி… என் தம்பி நினைச்சுக்குவான். புதுசா அடிங்க.”

“பாத்தியா, குழம்புறா. தம்பியை எனக்குத் தள்ளிவிடப் பாக்குறா,” என்றார் மச்சான் என்னிடம்.

அவர் இறந்ததற்கு முந்தின நாள் மாலை நான் முக்காலியில் இருந்தபோது, தெருமுனைத் தையல்காரருக்காகச் செய்துகொண்டிருந்த இஸ்திரிப் பலகைக்குப் பசை போட்டுக் கம்புகளை வளைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். “நாளைக்குக் காலைல கோட்டுக்குப் பெயின்ட். வலப்பக்கத்தை நான் பாத்துக்குவேன். இடப்பக்கம் வரும்போது நீ வந்து குரல் குடு. கோணலா போச்சுன்னா உங்க அக்கா அந்தக் கோணல்லயும் நீ காலை நீட்டினேன்னு சொல்வா.”

“நாலு மணிக்கு ஸ்கூல் விட்டதும் வந்துடறேன்.”

“அவசரமில்ல. கோடு எங்க ஓடப்போகுது?”

அவர் போன ஆறாம் நாள், தையல்காரர் வந்தார். அவர் பலகையைக் கேட்க வரவில்லை. துக்கம் விசாரிக்கத்தான் வந்தார். ஆனால் அக்காவுக்கு நினைவு வந்துவிட்டது. சாவியை எடுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். ஷட்டரைத் தூக்கினோம். உள்ளே பலகைமேல் ஏழு கம்புகள் வில்லாக வளைந்து, கூரைக்கும் அதற்கும் நடுவில் அப்படியே நின்றன. பசை எப்போதோ காய்ந்திருந்தது. ஆறு நாளாக அவை அமுக்கிக்கொண்டேயிருந்தன.

நான் கோட்டுக்கு வெளியே நின்றேன்.

“போடா,” என்றாள் அக்கா.

“கட்டினவர்தான் அவுக்கணும்னு சொல்வார்.”

“கட்டினவருக்கு மச்சினன் நீதானே? போ. இன்னிக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேன். விரலை மட்டும் பாத்துக்கோ.”

போனேன். ஒவ்வொரு கம்பாக எடுத்தேன். ஒவ்வொன்றும் கையில் ஓர் உதை உதைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தது. நான்காவதாக வந்தது ஒட்டடைக் குச்சி. அதை அக்காவிடம் நீட்டினேன். வாங்கி, தலைகீழாகத் திருப்பி, ஷெட்டின் மூலையில் இருந்த ஒட்டடையை எடுத்துவிட்டு, மறுபடி என்னிடமே கொடுத்தாள். “இங்கயே இருக்கட்டும். அதுக்கு வேலை இங்கதான்,” என்றாள். பலகையை உயர்த்தி வெளிச்சத்தில் பார்த்தேன். ஒட்டிய இடம் தெரியவில்லை. தையல்காரர் இரண்டு கையாலும் வாங்கி, கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒரு கண்ணை மூடி அதன் நேரைப் பார்த்தார். “கணக்கா இருக்கு,” என்றார். பலகையோடு போனார்.

திரும்பி வரும்போதுதான் தரையைப் பார்த்தேன். கோட்டுக்குப் பக்கத்தில் அவருடைய சக்கரப் பலகை நின்றது. தரையோடு வேலை செய்யும்போது உட்கார்ந்துகொள்ள அவரே செய்தது. நாலு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் ஆப்பு வைத்திருந்தது. பெயின்ட் டப்பா மூடியிருந்தது. பிரஷைக் கழுவித் துடைத்து டப்பாவின்மேல் குறுக்காக வைத்திருந்தார்.

கோட்டின் நீளம் ஒன்பதடி. வலச் சுவரிலிருந்து ஏழடிக்குப் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறது, பெயின்ட் வழியாமலிருக்க ஓரங்களில் ஒட்டிய காகிதப் பட்டை இன்னும் உரிக்கப்படவில்லை. இடப்பக்கத்து இரண்டடியில் பழைய மஞ்சள்தான் இருக்கிறது. அங்கே பட்டை ஒட்டவும் இல்லை.